சிப்பை உடைக்காமலே உள்ள இருக்கற ரகசிய கீயை (தகவலைப் பூட்டித் திறக்கற எண்ணை) எடுக்க முடியுமா?
முடியும், ரேடியோல சிக்னலைப் பிரிச்செடுக்கற மாதிரியேதான். ஆர்எஸ்ஏங்கற பூட்டு முறையோட கணக்கை சாதாரணமா எழுதினா, கீயில பிட் 0 வந்தா ஸ்கொயர் மட்டும், 1 வந்தா ஸ்கொயரோட ஒரு பெருக்கலும் நடக்கும், அப்ப சிப் இழுக்கற கரண்ட்டும் மாறும், ஆசிலோஸ்கோப்ல (மின்சாரம் ஏறி இறங்கறதை வரைஞ்சு காட்டற கருவி) அந்த மேடுபள்ளத்தைப் பாத்தே 0, 1ன்னு வரிசையா படிச்சிடலாம் (கணக்குல தப்பே இல்ல, காட்டிக் குடுக்கறது கரண்ட்டுதான்!). 1999ல வந்த பேப்பர்ல ரகசியக் குறியீட்டு ஆய்வாளர் பால் கோச்சரும் கூட இருந்தவங்களும் இன்னும் ஒரு படி மேல போய், நாய்ஸ்ல, அதாவது தாறுமாறான இரைச்சல்ல, புதைஞ்சு கிடக்கற சின்ன வித்தியாசத்தைக்கூட நிறைய தடவை அளந்து சராசரி போட்டு வெளிய கொண்டுவந்து காட்டினாங்க. அதனாலதான் இப்பல்லாம் பிட் எதுவா இருந்தாலும் ஒரே வேலையைச் செய்ய வைக்கறாங்க, கணக்குக்கு நடுவுல ரேண்டம் எண்ணையும் கலந்து விடறாங்க. சும்மா கரண்ட்டுல நாய்ஸ் மட்டும் சேத்தா பத்தாது, சராசரி போட்டா அது கரைஞ்சிடும்.