கோழி எருவில் கரையும் பாஸ்பரஸைக் குறைக்கப் படிகாரம் போடலாமா?

போடலாம். ஆனால் குப்பைமேட்டைத் திறந்தவெளியில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு 3000 கோழி பிடிக்கிற பிராய்லர் ஷெட் ஒன்று. ஒவ்வொரு பேட்ச் போனதும் லிட்டரை, அதாவது ஷெட் தரையில் விரித்ததும் கோழி எச்சமும் கலந்த குப்பையை, வாரி வரப்போரம் குவித்துவிடுவேன். ஒரு வருஷம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) நாலு நாள் விடாமல் பிடித்தது. குப்பையிலிருந்து காப்பித்தண்ணி மாதிரி வடிந்து, கீழே இருக்கிற சித்தப்பா குளத்துக்குப் போய்விட்டது. அதில் கரைந்து வந்த பாஸ்பரஸைத் தின்று இரண்டே வாரத்தில் குளம் முழுக்கப் பாசி, ஜிலேபி மீன் செத்து மிதந்தது. "ஏண்டா, என் குளத்துல பாசிப்பருப்புப் பாயசமா காச்சி வெச்சிருக்கே?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

அவசரத்தில் நான் கொட்டியது சுண்ணாம்பு. அதுவும் பாஸ்பரஸைப் பிடிக்கும், பொய்யில்லை. ஆனால் காரம் ஏறி, தழைச்சத்தெல்லாம் அமோனியாவாகப் பறந்துவிட்டது. கண்ணெரிச்சல் தாங்காமல் வீட்டுக்காரி இரண்டு நாள் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

அப்புறம்தான் படிகாரம். சலூனில் தடவுகிற கல் இல்லை. குடிநீர் சுத்தம் பண்ணப் போடுகிற அலுமினியம் சல்பேட். அமெரிக்காவில் ஆர்கன்சா பக்கத்துக் கோழி ஷெட்களில் 1990களிலிருந்தே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அளவு, அந்தக் குப்பையின் எடையில் 5 முதல் 10 சதவீதம். இதிலுள்ள அலுமினியம், பாஸ்பரஸைக் கரையாமல் கட்டிப்போடும். அமிலம் என்பதால் அமோனியாவும் அடங்கும். ஜிப்சம் மலிவு, ஆனால் இந்த அளவுக்குப் பிடிக்காது. தண்ணீர் தேங்கிய சாணிக்குழியில் மட்டும் ஜிப்சத்தைப் போட்டுவிடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும், ஆளையே கொல்லும்.

நான் டன்னுக்கு 60 கிலோ படிகாரம் கலந்து, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் சேர்த்து, தகரக் கூரைக்கு அடியில் கம்போஸ்ட் போட்டேன். பத்து நாளைக்கு ஒரு தரம் புரட்டுவேன். கரைகிற பாஸ்பரஸில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்ளும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மொத்த பாஸ்பரஸ் எங்கேயும் போகாது. குவியல் சுருங்கச் சுருங்க அதன் சதவீதம் கூடத்தான் செய்யும். கரைவது மட்டுமே குறையும்.

"இயற்கை எருவில் ரசாயனமா?" என்று இப்போதே ஒருவர் கிளம்புவார். ஐயா, மண்ணில் அலுமினியம் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. அந்தக் கோழி தின்றதும் சோளமும் சோயாவும்தான். அதிலிருக்கிற பாஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கும், அது கோழிக்குச் சரியாகச் செரிக்காது, அதனால்தான் எச்சத்தில் இவ்வளவு. லேப் ரிப்போர்ட் கேட்டால் என்னிடம் இல்லை. குளம்தான் என் லேப்.

ரிப்போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சித்தூர் தாலுகாவில்தான் கேரளத்தின் கரிசல் மண் இருக்கிறது. செம்மண்ணுக்குச் சொல்கிற உரச் சிபாரிசு எங்களுக்கு ஒத்துவராது. இதைக் கேட்க ஓர் அலுவலகம் போனால் எல்லாம் மலையாளத்தில். படிக்கத் தெரியாத என் அப்பாவைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள். எல்லை தாண்டிக் கேட்டால் "நீங்க கேரளாங்க" என்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எரிகிறது.

குளம் உடனே தெளியவில்லை. அடிச்சேற்றில் படிந்தது மெல்ல மேலே வந்துகொண்டே இருந்தது; கோடையில் தூர்வாரிய பிறகுதான் அடங்கியது. சித்தப்பா இப்போது அதே கம்போஸ்டில் இரண்டு டிராக்டர் லோடு கேட்கிறார். காசைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.