ஐந்து நாளில் பிள்ளை மாறுமா?

அன்புள்ள சார்,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். அடுத்த மாதம் புலாவ் உபின் தீவில் ஐந்து நாள் ஓபிஎஸ் (அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர்) முகாம். காட்டு நடை, கயாக், கூடாரத்தில் தூக்கம், சமையலும் அவர்களேதான். குழுவில் வேறு பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்களாம். இவளோ தெரியாதவர்களிடம் வாயே திறக்க மாட்டாள். "போய்ட்டு வந்தா ஆளே மாறிடுவா" என்கிறார் கணவர். என் அண்ணன் மகன் போன வருடம் போய்வந்தான். இரண்டு நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான், மூன்றாம் நாள் பழைய ஆள். ஐந்து நாளில் ஒரு பிள்ளை மாறுமா? மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் மகன் கழுவிய அந்த இரண்டு நாள் தட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த முகாம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இதைத் தொடங்கியவர் கர்ட் ஹான் என்ற பள்ளி ஆசிரியர். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்து, 1933ல் கைதாகி, பிரிட்டனுக்குப் போனவர். 1941ல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. துணை நின்றவர் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி. அவருடைய ப்ளூ ஃபனல் கப்பல்கள் உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கும் வந்துபோனவைதான். போர்க்காலம். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, உடல் வலுவுள்ள இளைஞர்கள் முதலில் மடிகிறார்கள், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஹோல்ட் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். கிழவர்களிடம் இருந்தது அனுபவமும், அடுத்தவனை விட்டுவிடாத பழக்கமும். ஹான் தன் மாணவர்களுக்கு மலையேற்றத்தோடு மீட்புப் பணியையும் கட்டாயமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் இன்னொருவருக்கு நாம் தேவைப்படுகிறோம் என்று தெரிந்தால்தான் பதின்வயதுப் பிள்ளை நிமிரும் என்று அவர் நம்பினார்.

முகாம்களின் விளம்பரப் படங்களில் இது காணாமல் போய்விட்டது. எல்லாப் படத்திலும் யாராவது கயிற்றில் தொங்குகிறார்கள். உயரத்தைப் பார்த்துப் பயந்து, பிறகு பயத்தை வென்று, கைதட்டு வாங்குவதுதான் வளர்ச்சி என்று பெற்றோரும் நம்பிவிட்டோம். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. அந்தத் துணிச்சல் பெரும்பாலும் அந்தக் கயிற்றோடு சரி. சுவர் ஏறுகிற பிள்ளையைவிட, கீழே நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிள்ளையைப் பாருங்கள். கண்ணை எடுக்க முடியாது, கையை எடுக்க முடியாது. ஒருமணி நேரத்துக்கு முன் பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் எடை முழுக்க அவள் கையில். வாய் பேசாத பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை எது? "பிடிச்சிருக்கியா?" என்று மேலிருந்து கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்!

இரட்டைக் கயாக்கும் அப்படித்தான். துடுப்பு ஒத்துப்போகாவிட்டால் படகு நேராகப் போகாது, கோபித்துக்கொண்டு எழுந்துபோகவும் முடியாது.

சிங்கப்பூரில் ஓபிஎஸ் தொடங்கியது 1967ல், அமைச்சர் கோ கெங் சுவீயின் முயற்சியில். கட்டாய ராணுவச் சேவை தொடங்கியதும் அதே ஆண்டுதான். புதிய நாட்டுக்கு உரமான பிள்ளைகள் வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. 2017 முதல் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு நடக்கும் ஐந்து நாள் திட்டத்தில் வெவ்வேறு பள்ளிகளை ஒரே குழுவில் கலப்பது வேண்டுமென்றே செய்வது. உங்களைப் பயமுறுத்துவது அதுதான். எனக்கோ, அந்த முகாமின் மிக நல்ல அம்சம் அதுதான் என்று படுகிறது. உங்கள் மகள் "பேசாதவள்" என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சரி, மாறுவாளா? 1997ல் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டியும் சகாக்களும் இவ்வகை முகாம்கள் பற்றிய 96 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முகாம் முடிந்தபோது தெரிந்த மாற்றத்தின் சராசரி அளவு, ஆய்வாளர்கள் 'எஃபெக்ட் சைஸ்' என்று சொல்லும் கணக்கில் 0.34 (மாற்றமே இல்லாவிட்டால் 0). வகுப்பறையில் செய்யும் நல்ல முயற்சிகளுக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் கிடைக்கும், அற்புதம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் அடுத்ததில் இருக்கிறது. பிறகு தொடர்ந்து கவனித்தபோது அது கரையவில்லை, இன்னும் 0.17 கூடியிருந்தது. ஆனால் முகாமுக்கு முகாம் பெரிய வேறுபாடு, இருபது நாளுக்கு மேல் நீண்டவற்றில் பலன் அதிகம். ஹானின் பள்ளியிலேயே படிப்பு ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே ஐந்து நாளில் "ஆளே மாறிடுவா" என்று உங்கள் கணவர் காத்திருந்தால் ஏமாந்துபோவார். பாவம், அந்தப் பிள்ளைதான் அந்த ஏமாற்றத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

இப்போது தட்டு. உபினில் அவன் கழுவாவிட்டால் அடுத்த வேளை குழுவுக்குத் தட்டு இல்லை. வீட்டில் அவன் கழுவாவிட்டால் யாரோ கழுவிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவன் கண்டுபிடித்தது இதைத்தான். பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் கணக்கு சரியான கணக்கு. உங்கள் மகள் திரும்பியதும் "பயந்தியா, அழுதியா" என்று விசாரிப்பதைவிட, அவள் செய்யாவிட்டால் நிஜமாகவே நின்றுபோகிற ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவளுடையது என்றால், அவள் சமைக்காத ஞாயிறு எல்லோருக்கும் பன்தான்.

மருத்துவர் கடிதம் வேண்டாம். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது வாங்கும் கடிதம், "உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள்" என்று அவளிடம் சொல்லிவிடும். அதே சமயம் பயமே அர்த்தமில்லாதது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2021ல் யீஷூனில் ஒரு பள்ளி முகாமில் உயரக் கயிற்றுப் பயிற்சியின்போது பதினைந்து வயது மாணவன் ஒருவன் விபத்தில் சிக்கி இறந்தான். அதன்பின் பள்ளிகளில் உயரப் பயிற்சிகளையே நிறுத்திவைத்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிப் பள்ளியிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, பழைய மூட்டுக் காயம் எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். "எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள்" என்று விட்டுவிடும் பெற்றோர் உண்டு. அந்த நாட்களில் மாதவிடாய் வரும் என்றால் அதையும் பயிற்றுநரிடம் சொல்லலாம் என்று அவளிடமே சொல்லி அனுப்புங்கள். அப்புறம், புதுக் காலணி வாங்கிக் கொடுக்காதீர்கள். கால் கடிக்கும். பழகிய பழையதே போதும்.