பரண்மேல் கிடக்கும் மாமனாரின் துப்பாக்கி

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் பள்ளிகொண்டா பக்கம். ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் தனி வீடு. கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். வீட்டில் நான், மாமியார், 11 வயதுப் பையன், 7 வயதுப் பெண் என்று நான்கு பேர்தான். போன மாதம் பக்கத்துத் தோப்பு வீட்டின் பின்கதவை நெம்பி உள்ளே புகுந்து 9 பவுன் நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். அவர் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒரு டப்பா தோட்டாவோடு பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் கிடக்கிறது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. "துப்பாக்கிய வெச்சிக்கினு இன்னாத்துக்கு பயப்படற, கட்டில் பக்கத்துல வெச்சிக்கோ" என்கிறார் நாத்தனார் வீட்டுக்காரர். பையன் வேறு அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். திருடன் வந்தால் நான் சுடலாமா? சுட்டால் என்மேல் கேஸ் வருமா? லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, திருடனைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் திக்கென்று ஆனது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான்: பையன் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னது. அதனால் திருடனை அப்புறம் பார்ப்போம். முதலில் பரண்.

உங்கள் மாமனார் வைத்திருந்தவரை அது லைசென்ஸ் துப்பாக்கி. லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ கொடுப்பதில்லை. அவர் கண்மூடிய நாளோடு அந்த லைசென்ஸும் முடிந்தது. இன்றைக்கு உங்கள் பரணில் இருப்பது, சட்டத்தின் கண்ணில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை போய்விட்ட ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைக்காமல் வைத்திருந்தால் 25ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, அபராதம் தனி. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லலாம்தான். ஆனால் இந்தக் கடிதத்தையே நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்!

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் வேலூர் மாவட்டத்தில் இது ஒன்றும் அபூர்வமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற மண் இது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருந்த ஊர்களில் இப்படி ஒரு குழல் பரணிலோ பத்தாயத்துக்குப் பின்னாலோ ஒதுங்கியே கிடக்கும். பெரியவர் இருந்தவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, தேர்தல் முடிந்ததும் திரும்ப எடுத்து வந்திருப்பார். உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். அதாவது அந்தத் துப்பாக்கியின் விவரம் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் தேடிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னால் நீங்களே போவதுதான் மரியாதை.

எப்படிப் போவது? இந்த இடத்தில்தான் நல்ல எண்ணத்தோடு போகிறவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் கொண்டுபோவதும் குற்றமே. பரணில் கை வைக்கவே வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்கும் வேலையும் வேண்டாம். அதை நாத்தனார் வீட்டுக்காரரும் செய்யக்கூடாது. மாமனாரின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றின் நகலோடு, "இப்படி ஒரு துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு ரசீது கொடுங்கள்" என்று ஒரு மனு எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகலாம். மலைக் கிராமங்களில் லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக்கூட, தாமாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்குப் போடமாட்டோம் என்று போலீஸே அறிவித்து வாங்கிக்கொள்வது உண்டு. உங்களுடையது ஒரு பட்டாளத்துக்காரர் முறையாக வைத்திருந்தது. தானாக முன்வந்து சொல்கிற குடும்பத்தை அலைக்கழிக்க யாருக்கும் காரணம் இல்லை. ரசீதில் துப்பாக்கியின் நம்பரும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சரி, இப்போது திருடன்.

சட்டம் உங்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அதில் 41ஆம் பிரிவுதான் உங்கள் கேள்விக்கு நேரானது. சூரியன் மறைந்தபின், விடிவதற்கு முன், ஒருவன் சுவரில் கன்னம் வைத்தோ கதவை உடைத்தோ வீட்டுக்குள் புகுந்தால், அவனைத் தடுக்கும் உரிமை உயிரைப் பறிக்கிற அளவுக்குக்கூடப் போகலாம். கொள்ளைக்கும், வீட்டுக்குத் தீ வைப்பதற்கும் அப்படியே. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாக்கப்படுகிறவன் ஓடி ஒளிய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றும், அந்த நேரத்துப் பதற்றத்தில் செய்ததைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்கக்கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இதைக் கேட்டதும் நாத்தனார் வீட்டுக்காரர் மீசையை முறுக்குவார். முறுக்கட்டும். அதே சட்டம் 37ஆம் பிரிவில், தேவைக்கு மேல் ஒரு துளி சேதமும் செய்யக்கூடாது, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் தற்காப்பு என்ற பேச்சே கிடையாது என்கிறது. தோப்பில் தேங்காய் பறிப்பவன், கொல்லையில் கோழி பிடிப்பவன், இவர்களைச் சுட உரிமை இல்லை. கதவை உடைத்து வந்தவனே ஆனாலும், வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும்தான் அந்தப் பெரிய உரிமை. அவன் வாசலைத் தாண்டித் தோப்புக்குள் ஓடும்போது முதுகில் சுட்டால், கூண்டில் நிற்பது நீங்கள். தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டவேண்டிய பொறுப்பும் உங்களுடையதே. அதற்குள் துப்பாக்கி மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். நீங்கள் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக வந்துகொண்டிருப்பீர்கள். குவைத்திலிருந்து கணவர் வேலையை விட்டுவிட்டு வருவார். கடைசியில் விடுதலை ஆனாலும், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கான வழக்கு தனியாக நிற்கும். தற்காப்பு உரிமை அதற்குக் குடை பிடிக்காது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவருடையது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி, ஒரு குறையும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் நிழல் ஆடியது. மூன்று முறை "யாரது" என்று கேட்டதாகச் சொன்னார். பதில் இல்லை. சுட்டுவிட்டார். அங்கே நின்றது அவருடைய தம்பி மகன். ராத்திரியில் மும்முனைக் கரண்ட் வந்ததால் மோட்டார் போட வந்திருக்கிறான். மோட்டார் இரைச்சலில் பெரியப்பா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. தொடையில் ரவை பாய்ந்து பிழைத்துக்கொண்டான். கொலை முயற்சி வழக்கு ஒருவழியாக முடிந்தது. ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை நல்லது கெட்டது கிடையாது. உங்கள் தோப்பிலும் ராத்திரியில் தண்ணீர் கட்ட ஆள் வருவார்கள் அல்லவா?

துப்பாக்கி தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். பரணில் வருஷக்கணக்கில் வெக்கையில் கிடந்த தோட்டாவை நம்பவே முடியாது, அதுவும் நம் வேலூர் வெயிலில். விசையை இழுத்தும் வெடிக்காமல் இருக்கும். என்ன ஆயிற்று என்று திருப்பிப் பார்க்கும்போது வெடிக்கும். சரியாகவே வெடித்தாலும் குழலிலிருந்து வருவது ஒற்றைக் குண்டாக இருக்காது. பெரும்பாலும் சிதறிப் பாயும் ரவைகள். மரக்கதவைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் யார் தூங்குகிறார்கள்?

லைசென்ஸை "மாற்றுவது" என்று ஒன்று கிடையாது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில், இறந்தவரின் துப்பாக்கிக்கு வாரிசு புதிதாக லைசென்ஸ் கேட்க இடம் இருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ், பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் உண்டு. கிடைத்தால் 5 வருஷத்துக்குக் கிடைக்கும். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை இல்லை என்று 2023இல்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது. குடகுக்காரர்களுக்கு மட்டும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு விலக்கு உண்டு. பாலாற்றங்கரைக்கு அது வராது.

விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். சட்டப்படி துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வைத்திருந்தால், கதவு உடையும் சத்தம் கேட்டபின் இரண்டு சாவி தேடி, இருட்டில் தோட்டா போட்டு, குறி பார்க்க நேரம் இருக்காது. பூட்டாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் 11 வயதுப் பையன். நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே கொள்ளையர்கள் சுட்டுக் கொன்ற பிறகு, நெடுஞ்சாலையை ஒட்டிய நம் வடார்க்காடு வீடுகளில் எத்தனை பேர் லைட்டை அணைக்காமல் தூங்கினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பூட்டு உடைப்பவர்களில் பெரும்பாலோர் ஆளைக் கண்டால் ஓடுகிற ரகம். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையம் நகைக்கடையில் சுமார் 15 கிலோ தங்கம் போனதே, அவன் சுவரில் துளை போட்டு, முகமூடியோடு, ஆள் இல்லாத ராத்திரியில் வந்தவன். நகையைக் கடைசியில் ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்திருந்தான். 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் அரிவாளோடு வந்த இரண்டு பேரை வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியையும் செருப்பையும் வீசியே விரட்டியதை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் கழுத்துச் சங்கிலி போனது, கையில் காயமும் பட்டது. உயிர் தப்பியது. அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று முதல்வர் கையால் வீர விருதும் வாங்கினார்கள். அவர்களைப் போல எதிர்த்து நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரிவாளுக்கு முன்னால் சங்கிலி பெரிதில்லை.

பக்கத்து வீட்டில் நெம்பியது பின்கதவை. உங்கள் பின்கதவைப் போய்ப் பாருங்கள். ஒரு ஒற்றைத் தாழ்ப்பாள்தான் இருக்கும். பழைய வீடுகளில் போல உள்பக்கம் குறுக்குக் கட்டை போடுங்கள், வெளியே இரும்பு கேட் ஒன்று. ஆள் அசைந்தால் எரியும் லைட்டைத் தோப்புப் பக்கம் இரண்டு மூலையிலும் மாட்டுங்கள். ஒரு நாட்டு நாய். நகையெல்லாம் பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ராத்திரி ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். திருப்பதிக்குப் போவதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.

அப்புறம், நான்கு பேரும் ராத்திரி ஒரே அறையில் படுங்கள். அந்த அறைக் கதவு மட்டும் கனமாக, உள்ளே இரண்டு தாழ்ப்பாளோடு இருக்கட்டும். செல்போன் சார்ஜோடு தலைமாட்டில். சத்தம் கேட்டால் வெளியே வராதீர்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு 112க்கு அடியுங்கள், பிறகு பக்கத்துத் தோப்பு வீட்டுக்கு. மாமியாரைக் கத்தச் சொல்லுங்கள். பட்டாளத்துக்காரர் வீட்டம்மா, குரல் எடுப்பாகத்தான் இருக்கும்.

மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ரசீதைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புங்கள், நாத்தனார் வீட்டுக்காரருக்கும் ஒன்று. போலீஸ்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகும்போது பையனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவிடுங்கள். பரணில் துப்பாக்கி இருக்கிறது என்று வகுப்பில் சொன்னவன், அது இப்போது அங்கே இல்லை என்பதையும் அவனே போய்ச் சொல்லட்டும்.