பின்வேலியில் யானை, சீலிங்கில் மரநாய்: வன்னி வளவுக் கேள்விகள்

2010இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவில் மூன்று பக்கம் வேலி இல்லை, நாலாவது பக்கம் காடு. கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை. அன்றிலிருந்து இரணைமடுவுக்குக் கீழே தோட்டம் செய்கிறேன். ஊர் யானைவேலிக் குழுவிலும் இருக்கிறேன். இப்போது சுற்றிவரக் கல்வீடும் கொங்கிறீற் வீதியும் தெருவிளக்கும் வந்துவிட்டன. காட்டுச் சீவன்களுக்கு மட்டும் இந்த விசயத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அயலவர்களும் தெரிந்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் இது.

அண்ணை, நாலு வருசம் வளர்த்த தென்னம்பிள்ளைகளில் ஆறை ஒரே இரவில் யானை சரித்துவிட்டது. வீட்டிலிருந்து இருபது அடி கூட இல்லை. இனி என்ன செய்யலாம்? (ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, சரிந்த பிள்ளையைப் போய் வடிவாகப் பாருங்கள். ஓலை அப்படியே கிடக்கும், குருத்து மட்டும் இருக்காது. நாலு வருச உழைப்பில் அது தின்றது ஒரு முழக் குருத்து. வடலிக்கும் அதே கதிதான்.

வளவுக்குள் வருவது பெரும்பாலும் தனி ஆண் யானை. குட்டியோடு நிற்கும் கூட்டம் அவ்வளவு துணியாது. தனியன் ஒருமுறை ருசி கண்டால் அதே வழியால் திரும்பி வரும், ஆகவே இந்தக் கிழமை கவனம். மிஞ்சின பிள்ளைகளை விடுங்கள், முதலில் வீட்டுக்குள் நெல் மூட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படுக்கிற அறையில் யன்னலோடு அடுக்கியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். யானை சுவரை இடிப்பது கோபத்தில் அல்ல, நெல் மணத்துக்கும் உப்பு மணத்துக்கும்தான். மூடி இறுகின பரலில் போட்டு, ஆட்கள் படுக்காத பக்கம் வையுங்கள்.

வெடி கொளுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானைவெடி முதல் பத்துத் தரம் வேலை செய்யும். பிறகு யானை நின்று பார்க்கும். எங்கள் ஊரில் ஒன்று வெடிச் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், பெடியள் போய்ப் படுத்ததும் திரும்பி வரும். மெய்யாகவே அது எங்களைவிடப் பொறுமைசாலி.

நிலைக்கக் கூடியது ஊரைச் சுற்றிய மின்வேலி. காட்டின் எல்லையில் போட்ட வேலிகள் பல இடங்களில் பலன் தராமல் போனதற்குக் காரணம், வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நின்றதுதான். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் பெரும்பகுதி ஆட்களும் இருக்கிற இடம். யானையைக் காட்டுக்குள் அடைக்கலாம் என்று நினைப்பதைவிட ஊரையும் வயலையும் சுற்றி வேலி போட்டு, அந்த ஊராரே பராமரிப்பது நல்லது. யானை-மனித மோதலைக் குறைக்க 2020இல் எழுதப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இதைத்தான் சொல்கிறது. பராமரிப்பு என்றால் பெரிய வித்தை இல்லை. கம்பியில் முட்டுகிற கொடியைக் கிழமைக்கொருமுறை வெட்ட வேண்டும். கொடி முட்டினால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும். எங்கள் குழுவில் பதினாறு பேர், கொடி வெட்ட வருவது ஐந்து பேர். கூட்டம் வைத்தால் பதினாறு பேரும் வருவார்கள், தேத்தண்ணீர் இருக்கிறபடியால்.

பிள்ளைகளுக்குப் பதிலாக எதை நடலாம் என்றும் யோசியுங்கள். தேசி, தோடை, மிளகாய், எள்ளு இவற்றை யானை தின்னாது. மிதிக்கும், ஆனால் தேடி வராது.

கரண்ட் லைனிலிருந்து நேரே கம்பி இழுத்துவிட்டால் செலவு குறைவு என்கிறார்கள். உண்மையா?

செய்யாதீர்கள். முறையான யானைவேலியில் வோல்ற் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் செக்கனுக்கு ஒருமுறை வரும் சின்ன அடிதான், அடித்து விட்டுவிடும். வீட்டு லைனின் 230 வோல்ற் விடாது. யானையும் சாகும், விடியப்புறம் மாடு தேடிப் போகிற உங்கள் அப்பாவும் சாவார். வாய்வெடியும் (தீனிக்குள் ஒளித்து வைப்பது, கடித்தால் வெடிக்கும்) கட்டுத்துவக்கும் (கம்பி தட்டுப்பட்டால் வெடிக்கும் பொறி) இதே கணக்கில்தான். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கும், பிறகு வாய் சிதைந்து கிழமைக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். ஒருமுறை கண்டால் போதும்.

குரங்குத் தொல்லை தாங்க ஏலாது. குரும்பை முழுக்கப் பிடுங்கி எறியுது, குசினிக்குள் வந்து பாண் தூக்குது. கெற்றப்போலால் அடித்தும் பார்த்துவிட்டோம். (குருமன்காடு, வவுனியா)

எந்தக் குரங்கு, அக்கா? கறுப்பு முகமும் நீண்ட வாலும் என்றால் மந்தி. அது இலை, பிஞ்சு தின்னும், வீட்டுக்குள் வருவது குறைவு. தலையில் வகிடு எடுத்த தொப்பி மாதிரி மயிர் இருந்தால் செங்குரங்கு. பாண் தூக்குவது அவர்தான். இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம், அந்தப் பெருமை உங்கள் பாணுக்கு உதவாது என்பது தெரியும்.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கக் குரங்கு, மர அணில், மயில் எண்ணச் சொன்னார்கள், ஞாபகமா? நான் கொப்பியும் பேனையுமாய் மாமரத்தடியில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. 8.20க்கு இருபத்து மூன்று வந்தன.

கெற்றப்போல் பிரயோசனமில்லை. அடிக்கிற ஆளைப் பழகிவிடும், அவர் வேலைக்குப் போகும்வரை கூரையில் இருந்து பார்க்கும். எங்கள் வீட்டில் பலன் தந்தவை மூன்று. கூரைக்கு எட்டுகிற கொப்புகளை வெட்டினேன், குரங்கு நிலத்தால் வர விரும்பாது, நாய் இருக்கிறபடியால். தனித்து நிற்கும் தென்னைகளில் ஆள் உயரத்துக்கு மேலே வழுக்கலான தகரத்தைச் சுற்றி அடித்தேன். அது எலிக்கும் சேர்த்துத்தான். ஆனால் பக்கத்து மரத்தோடு ஓலை முட்டினால் தகரம் வீண். மூன்றாவது, குசினி யன்னலுக்குக் கம்பிவலை. இதற்குச் செலவானது ஒரு குலை வாழைப்பழத்தின் விலையைவிடக் கொஞ்சம் கூட.

அப்புறம் தீனி. பாவம் என்று பழம் எறிகிறவர் தெருவில் ஒருவர் இருந்தால் மற்றப் பத்து வீட்டுக்கும் தொல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் வாங்கினால் குரங்குக்குப் போடாமல் நீங்களே சாப்பிடுங்கள். குப்பைப் பையைத் தெருவில் தொங்கவிடுவதும் விருந்து வைப்பதுதான்.

இரவில் சீலிங்குக்கு மேலே ஆள் ஓடுவது போல சத்தம். பேய் என்று அம்மம்மா சொல்கிறா.

அம்மம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பேய் பழம் தின்கிறது. மதிலில் அல்லது சீற் ஓரத்தில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறதா? அப்படியென்றால் மரநாய். பகலில் உள்ளே படுக்கும், இருட்டியதும் வெளியே போகும். அது போனதைக் கண்ணால் கண்டபிறகு ஓட்டையை அடையுங்கள். குட்டி உள்ளே கிடந்தால் பொறுங்கள், கொஞ்சக் காலத்தில் தாயே கூட்டிக்கொண்டு போய்விடும். அவசரப்பட்டு அடைத்த ஒருவர் செத்த மணத்தோடு பத்து நாள் இருந்தார். வேறு யாருமில்லை, நான்தான்.

ஐயா, மாரி தொடங்கினால் வீட்டுக்குள் பாம்பு. வெள்ளைப்பூடு கரைத்துத் தெளிக்கிறோம், மண்ணெண்ணெயும் ஊத்துகிறோம். இதற்கு மேல் என்ன? (முள்ளியவளை)

வெள்ளைப்பூட்டைக் கறிக்கு வையுங்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், இல்லையென்றால் வெள்ளத்துக்கு ஒதுங்க. முதலில் எலியை நிற்பாட்டுங்கள். கதவடி இடைவெளியை ஒரு றப்பர் பட்டியால் மூடுங்கள். வீட்டுத்திட்டக் கதவுகள் பலவற்றில் விரல் நுழையும், விரல் நுழைந்தால் எட்டடி விரியன் நுழையும்.

2010இல் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். விடிய எழும்பி அம்மா பாயைச் சுருட்டினா. பாயின் கடைசி மடிப்புக்குக் கீழே, நான் தலை வைத்த பக்கம், கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வரிகளோடு ஒன்று சுருண்டு கிடந்தது. இரவு முழுக்க அங்கேதான் படுத்திருக்க வேண்டும். அந்த வருசமே கட்டில் வாங்கினோம், கடனுக்கு.

எட்டடி விரியனின் விசயம் இதுதான்: இரவில் நிலத்தில் படுப்பவரைக் கடிக்கும், கடி நோகாது, அடையாளமும் தெரியாது. வயிற்றுநோவு, கண்மடல் தொங்குதல் என்று பிறகுதான் காட்டும். ஆகவே நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் காரணமில்லாமல் வயிறு நோகிறது என்றால் கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரி. கட்டிலில் நுளம்புவலையை மெத்தைக்குக் கீழே சொருகிப் படுத்தால் நுளம்புக்கும் விரியனுக்கும் ஒரே வேலி.

புடையன் வேறு மாதிரி. முதுகில் சங்கிலி போல வட்டங்கள், குக்கர் ஆவி விடுகிற மாதிரிச் சீறும். அந்தி நேரம் வயல் வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கும். ரோச் லைட்டும் சப்பாத்தும் இல்லாமல் இறங்காதீர்கள்.

கடித்தால் இறுக்கிக் கட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், விசக்கல் வைக்க வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் தடியோடு கட்டி, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். பார்வை பார்க்கிற பரிசாரி ஐயா மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவர் வீட்டுக்குப் போகும் ஒரு மணித்தியாலம் உங்களுடையது அல்ல. பாம்பை அடித்துக் கொண்டு போகவும் தேவையில்லை, தூர நின்று ஒரு படம் எடுத்தால் போதும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள், அதுதான் சோதனை.

குளம் வற்றின நேரம் வாய்க்காலுக்குள் முதலை கண்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். கபரக்கொய்யாவாக (பெரிய நீர் உடும்பு) இருக்குமா? (பாரதிபுரம்)

இருக்கலாம். நாக்கை நாக்கை நீட்டி, தலையை ஆட்டி ஆட்டி நடந்தால் கபரக்கொய்யா. அவர் குப்பை பொறுக்கி, நண்டும் செத்த மீனும் தின்பவர், விட்டுவிடுங்கள். ஆனால் ஓகஸ்ட், செப்ரெம்பரில் குளம் இறங்கும்போது முதலை தரையால் நடந்து அடுத்த தண்ணீர் தேடும் என்பதும் உண்மை. வாய்க்கால், மண் எடுத்த கிடங்கு, தோட்டக் கிணறு எல்லாவற்றிலும் கண்டிருக்கிறோம். அந்த மாதங்களில் ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குத் தினம் குளிக்காதீர்கள், முதலை அதைக் கவனிக்கும். மீன் கழுவின தண்ணீரைக் குளிக்கிற துறையில் ஊற்றாதீர்கள். உள்ளே ஒன்று நிற்பது நிச்சயமானால் 1992, வனசீவராசிகள் திணைக்களம்.

காலையில் வீட்டு வாசலில் பெரிய கால்தடம். புலி என்று ஊரே கூடிவிட்டது.

வன்னியில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஆகவே சிறுத்தை என்போம். தடத்தில் நகம் பதிந்திருந்தால் நாய். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளத்துப் பக்கம் மீன்பிடிப் பூனையும் உண்டு, இருட்டில் கண்டால் சிறுத்தைக் குட்டி என்றுதான் சொல்வீர்கள்.

சிறுத்தை என்றே வைத்துக்கொள்வோம். செய்யக் கூடாதது ஊர் கூடுவது. 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. சனம் சூழச் சூழ அது பாய்ந்தது, பலர் காயப்பட்டார்கள், கடைசியில் அடித்தே கொன்றார்கள். வீடியோ நாடெல்லாம் போனது. காயப்பட்டவர்களின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட வழி விட்டிருந்தால் அது போயிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். வீட்டுக்குள் போங்கள், நாயையும் ஆட்டையும் உள்ளே கட்டுங்கள், 1992க்கு அடியுங்கள்.

மயில்?

நாற்றுமேடைக்கு வலை. வேறு மருந்தில்லை. முருகன் வாகனம் என்று ஒருவரும் கல்லெடுக்காத ஊரில் அதற்கு என்ன பயம்?

பாலைப்பழம் பொறுக்கக் காட்டோரம் போகலாமா? போன வருசம் ஒருவரைக் கரடி கிழித்ததாம். (நெடுங்கேணி)

மே தொடக்கம் யூலை வரை பாலை பழுக்கும், கரடிக்கும் அதுதான் திருவிழா. மரத்திலும் ஏறும். சத்தமில்லாமல் போவதுதான் ஆபத்து, தின்கிற கவனத்தில் அது உங்களைக் கேளாது, திடீரென்று கண்டால் பாயும். மூன்று நாலு பேராய், கதைத்துச் சிரித்துக்கொண்டு போங்கள், நிமிர்ந்து மரத்தையும் பாருங்கள். விடியலும் அந்தியும் வேண்டாம். எனக்கும் பாலைப்பழம் விருப்பம்தான், ஆனால் இப்போது சந்தையில் வாங்கித்தான் தின்கிறேன்.

பகலிலே நரி ஒன்று தள்ளாடித் தள்ளாடி வளவுக்குள் வந்தது. மகன் துரத்தப் போய்ப் பல் கீறிவிட்டது. சின்னக் காயம்தான். (மல்லாவி)

இதை வாசித்தவுடன் போங்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரி. தள்ளாடுகிற, ஆளுக்குப் பயப்படாத நரி விசர்நோய் (றேபிஸ்) பிடித்ததாக இருக்கலாம். விசர் வந்தபின் மருந்தில்லை, வருமுன் ஊசி இருக்கிறது. வளவு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் நரியோடு கடிபட்டிருக்கும். ஊளையிட்டுக்கொண்டு தூரத்தில் போகிற நரி வேறு, அது வயலில் எலியும் நண்டும் பிடிக்கிறது, அதோடு சோலி இல்லை.

முள்ளம்பன்றி மரவள்ளியைக் கிழங்கோடு தோண்டுது. பழைய சேலை கட்டினால் வராதாமே?

நானும் கட்டினேன், அக்காவின் கூறைச்சேலை தவிர எல்லாம். இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை சேலைக்குக் கீழே தோண்டி உள்ளே வந்தது. இப்போது தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, இரண்டு அடி மேலே விட்டிருக்கிறேன்.