கணினி கேள்வி-பதில்: பழைய 16 பிட் புரோகிராம், புதிய விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் மாற்றியவர்களின் கேள்விகளுக்கே இந்த முறை இடம்.

எங்கள் ஜவுளிக் கடையின் பில் புரோகிராம் ஃபாக்ஸ்புரோ 2.6-ல் எழுதியது. 32 பிட் விண்டோஸ் 7-ல் நன்றாக ஓடியது. விண்டோஸ் 11-ல் ‘இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது’ என்று வருகிறது. கம்பாட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 95 என்று வைத்தும் பலனில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?
— வாசகர், ஈரோடு

மாற்றுவதற்கு செட்டிங் எதுவும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்றொரு பகுதி இருந்தது. உங்களுடையது போன்ற டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) புரோகிராம்களை ஓட்டியது அதுதான். பிராசஸரில் உள்ள ‘வர்ச்சுவல் 8086’ என்ற நிலையை நம்பி அது வேலை செய்தது. 64 பிட் முறையில் ஓடும்போது இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் அந்த நிலை கிடையாது. அதனால் 64 பிட் விண்டோஸ் எதிலும் என்டிவிடிஎம் இல்லை. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். கம்பாட்டிபிலிட்டி பகுதி செய்வது வேறு வேலை: புரோகிராம் கேட்டால் விண்டோஸ் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்லும், சில பழைய நடத்தைகளைக் காட்டும். அவ்வளவுதான்.

ஆகவே ஒரு டாஸ் கம்ப்யூட்டரையே மென்பொருளால் உண்டாக்கித் தரும் எமுலேட்டர் வேண்டும். டாஸ்பாக்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பிரிண்டர் வசதி அதில் இல்லை. கடைக்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஏற்றது. இதுவும் இலவசம்.

முக்கியமான விஷயம் ஃபோல்டர் அமைப்பு. அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் ‘சி டிரைவில் பில் ஃபோல்டர்’ என்பது போன்ற பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். பாதை மாறினால் ‘ஃபைல் இல்லை’ என்று நிற்கும். எனவே டி டிரைவில் ‘கடை’ என்ற பொருளில் எட்டு ஆங்கில எழுத்துக்குள் ஒரு ஃபோல்டர் திறந்து, பழைய கம்ப்யூட்டரின் பில் ஃபோல்டரை அப்படியே அதற்குள் வையுங்கள். டாஸ்பாக்ஸ்-எக்ஸின் மெயின் மெனுவில் கான்ஃபிகரேஷன் டூலைத் திறந்து, ஆட்டோஎக்ஸெக் பகுதிக்குப் போங்கள். முதல் வரியில் மவுன்ட் கட்டளை, சி என்ற எழுத்து, அந்தக் கடை ஃபோல்டரின் முழுப் பாதை. இரண்டாம் வரியில் சி கோலன். மூன்றாவதில் சிடி கட்டளையும் பில் ஃபோல்டரின் பெயரும். நான்காவதில் புரோகிராமின் பெயர். சேமித்துவிட்டால் அடுத்த முறை ஐகானை அழுத்தியதும் நேராக பில் திரை வரும். பில் ஃபோல்டரையே சி என மவுன்ட் செய்தால் பாதை ஒரு படி குறைந்துவிடும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

தொடங்கியதும் ‘டிவைட் பை ஸீரோ’ என்று நின்றால் வேகம் அதிகம் என்று பொருள். எமுலேட்டரின் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் அமைப்பை ‘மேக்ஸ்’ என்று வைக்காமல் ‘ஃபிக்ஸ்டு 20000’ என்று வைத்துப் பாருங்கள். நின்றால் இன்னும் குறையுங்கள்.

இரண்டு கவுன்டர்கள் ஒரே டேட்டாவைத் திறப்பதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. சாதாரண டாஸ்பாக்ஸில் ரெக்கார்டு லாக் (ஒருவர் திருத்தும் பதிவை மற்றவர் தொடாமல் தடுக்கும் பூட்டு) சரியாகப் போய்ச் சேராது. இருவரும் ஒரே நேரத்தில் எழுதி, டேட்டா ஃபைலான டிபிஎஃப் கெடும். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் டாஸ் பகுதியில் ஷேர், ஃபைல் லாக்கிங் இரண்டும் ‘ட்ரூ’ என்று இருக்கிறதா பாருங்கள். அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே எழுதிய விடாஸ் இன்னொரு வழி. எதுவானாலும் டேட்டாவின் நகலில் ஓட்டி, இரு கவுன்டரிலும் ஒரே பில்லைத் திருத்த முயன்று பார்த்த பிறகே நிஜக் கணக்கைத் தொடுங்கள்.

புரோகிராமிலிருந்து முறையாக வெளியேறாமல் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதையும் கடைப் பையன்களிடம் தடுத்து வையுங்கள். டிபிஎஃப் தலைப்பில் உள்ள பதிவு எண்ணிக்கை புதுப்பிக்கப்படாமல் கடைசி பில்கள் காணாமல் போகலாம். இண்டெக்ஸ் கெட்டால் ரீஇண்டெக்ஸ் செய்து மீட்கலாம். எழுதப்படாத பில்லை மீட்க முடியாது.

திரை வந்துவிட்டது, பிரிண்ட் வரவில்லை. யுஎஸ்பி-யில் இணைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.
— வாசகர், விருதுநகர்

டாஸ் புரோகிராமுக்கு யுஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. அது எல்பிடி1 என்ற போர்ட்டுக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடும். அங்கே எழுதுவதை நாம்தான் பிரிண்டருக்குத் திருப்ப வேண்டும்.

விண்டோஸில் அந்த பிரிண்டரை ‘ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரோடு சேர்த்து, இடைவெளி இல்லாத சிறு பெயரில் ஷேர் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருடன் இணையுங்கள். கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் 127.0.0.1 போதும். இறுதியில் பெர்சிஸ்டன்ட் யெஸ் (/persistent:yes) என்று சேர்த்தால் மறுநாளும் நிலைக்கும். பிறகு டாஸ்பாக்ஸ்-எக்ஸின் பேரலல் பகுதியில் பேரலல்1 எதிரே ‘ஃபைல்’ என்றும், இடைவெளி விட்டு ‘டெவ் கோலன் எல்பிடி1’ என்றும் எழுதுங்கள்.

இப்படிச் செய்தால் புரோகிராம் அனுப்பும் கட்டுப்பாட்டுக் குறிகள் மாறாமல் போகும். 132 எழுத்து வரிகளுக்கான கண்டென்ஸ்டு குறி 15-ம் பிரிண்டருக்குப் புரியும். பெரும்பாலான விலைகுறைந்த லேசர் பிரிண்டர்களுக்குப் புரியாது. பில்லின் நடுவே குப்பை எழுத்து வரும். லேசர்தான் இருக்கிறது என்றால் பேரலல்1 எதிரே ‘பிரிண்டர்’ என்று எழுதி, பிரிண்டர் பகுதியில் பிரிண்டர் ‘ட்ரூ’ ஆக்குங்கள். எமுலேட்டரே டாட் மேட்ரிக்ஸ் போல நடித்துப் பக்கத்தை வரைந்து தரும். அங்கே காகித அளவு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கப்படும். இயல்பாக உள்ள 85, 110 அமெரிக்க லெட்டர் தாள். ஏ4-க்கு 83, 117. கடைசிப் பக்கம் வராமல் தேங்கி நின்றால், பக்கத்தை வெளியே தள்ளும் ஃபார்ம் ஃபீட் குறியைப் புரோகிராம் அனுப்பவில்லை. டைம்அவுட்டை 2000 மில்லிசெகண்ட் என்று வையுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி++ 3.0-ஐ டாஸ்பாக்ஸில் ஓட்டுகிறோம். கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தினால் புரோகிராம் ஓடாமல் எல்லாமே மூடிக்கொள்கிறது. மாணவர்கள் எழுதியதெல்லாம் போய்விடுகிறது.
— வாசகி, மதுரை

டர்போ சி-யில் கன்ட்ரோல்-எஃப்9 என்றால் ‘ஓட்டு’. டாஸ்பாக்ஸில் அதே விசைக்கு ‘உடனே மூடு’ என்று பொருள். டாஸ்பாக்ஸ் முந்திக்கொள்கிறது. கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தினால் விசைப் பலகை வரைபடம் திறக்கும். அதில் ஷட்டவுன் என்ற கட்டத்தை அழுத்தி, டெல், பிறகு சேவ், எக்ஸிட். அவ்வளவுதான். ஆய்வகத்தின் எல்லா கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும். அதுவரை ஆல்ட்-ஆர் அழுத்தி ரன் மெனுவைத் திறந்து ஓட்டச் சொல்லுங்கள்.

விண்டோஸிலிருந்து புதிதாக ஃபோல்டரில் போட்ட ஃபைல் டாஸ்பாக்ஸில் தெரியாவிட்டால் கன்ட்ரோல்-எஃப்4. கிராஃபிக்ஸ் புரோகிராமில் ‘பிஜிஐ கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்தால், இனிட்கிராஃபில் கொடுத்த பாதையில் பேக்ஸ்லாஷ் இரட்டையாக இருக்கிறதா பாருங்கள். ஒற்றையாகச் சின்ன எழுத்தில் எழுதினால், டிசி என்பதன் முதல் எழுத்தை டேப் என்றும், பிஜிஐ என்பதன் முதல் எழுத்தைப் பேக்ஸ்பேஸ் என்றும் கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறோம். டர்போ சி-யில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32767-க்கு மேல் தாங்காது. 8-ன் ஃபேக்டோரியல் 40320 என்று வராமல் -25216 என்று வரும். மாணவர் தன் லாஜிக் தவறு என்று மண்டையை உடைத்துக்கொள்வார். இன்றைய கம்பைலரான ஜிசிசி-யில் அதே புரோகிராம் 12-ன் ஃபேக்டோரியல் வரை சரியாகச் சொல்லும். டர்போ சி++ 3.0, சி++ தரம் 1998-ல் வருவதற்கு முந்தைய கம்பைலர். பாடத்திட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் இதை எமுலேட்டரில் காப்பாற்ற வேண்டிய அவசியம் எங்களுக்குத் தெரியவில்லை.

குழந்தைகளுக்கான பழைய சிடி ஒன்று. உறையில் ‘விண்டோஸ் 3.1 அல்லது 95’ என்று இருக்கிறது. செட்டப் ஓடவில்லை.
— வாசகர், கோலாலம்பூர்

முதலில் எந்த வகை என்று பாருங்கள். எக்ஸி ஃபைலை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்தில் எம்-இசட் இருக்கும். சில வரிகளுக்குள் என்-இ தெரிந்தால் 16 பிட் விண்டோஸ் புரோகிராம். பி-இ தெரிந்தால் 32 அல்லது 64 பிட். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் டாஸ். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

1995-ஐ ஒட்டி வந்த பல சிடிக்களில் புரோகிராம் 32 பிட், செட்டப் மட்டும் 16 பிட். பழைய இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற சிலவற்றை விண்டோஸே அடையாளம் கண்டு, 32 பிட் செட்டப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஓடிவிடிஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வைன்விடிஎம் என்பதும் இதுதான். அதன் ஸிப் ஃபைலை விரித்து, செட்டப் ஃபைலை அதன் எக்ஸி மேல் இழுத்துப் போட்டால் போதும். முழுப் புரோகிராமே 16 பிட் விண்டோஸ் வகை என்றாலும் இதே வழி. கடைசி எழுத்து அடிக்கோடாக முடியும் ஃபைல்கள் சுருக்கப்பட்டவை. விண்டோஸில் இன்றும் இருக்கும் எக்ஸ்பாண்ட் கட்டளை அவற்றை விரிக்கும்.

16 பிட் விண்டோஸ் புரோகிராம்கள் நின்றதற்கு பிராசஸர் முழுக் காரணமல்ல. அவற்றின் ப்ரொடெக்டட் மோட் கோடை 64 பிட் பிராசஸரால் ஓட்ட முடியும்; லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் ஓட்டுகிறது. 64 பிட் விண்டோஸில் ஹேண்டில்களுக்கு (ஜன்னல் போன்றவற்றை அடையாளம் காட்டும் எண்கள்) 32 பிட் தேவைப்படுகிறது, அதை 16 பிட்டாக வெட்ட முடியாது என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம்.

‘ரன்டைம் எரர் 200’ என்றால் என்ன?
— வாசகர், நாகர்கோவில்

டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம். அதோடு வரும் சிஆர்டி என்ற துணைப் பகுதி, கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து 55 ஆல் வகுக்கும். வேகமான பிராசஸரில் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் நிற்கிறது. எமுலேட்டரில் சைக்கிள்ஸைக் குறைத்தால் தீரும்.

எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஜிஸ்ட் கார்டு போட்ட டாஸ் கம்ப்யூட்டரில் தமிழில் ஏற்றியது. டாஸ்பாக்ஸில் திறந்தால் கோடும் கட்டமுமாகத் தெரிகிறது.
— வாசகர், கும்பகோணம்

ஐஐடி கான்பூரில் உருவாகி புனே சி-டாக் மூலம் பரவிய அந்த கார்டுதான் திரையில் தமிழை வரைந்தது. எந்த டாஸ்பாக்ஸிலும் அது இல்லை. புரோகிராமை விட்டுவிடுங்கள், டேட்டாவை எடுங்கள். எழுத்துகள் இந்திய மொழிகளுக்கான ஐஎஸ்சிஐஐ குறியீட்டில் ஒரு பைட்டுக்கு ஒன்றாக டிபிஎஃப்-ல் பத்திரமாக இருக்கின்றன.

டிபிஎஃப் ஃபைலை நேரடியாக யூனிகோடாக மாற்ற முயலாதீர்கள். அதில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அளவு குறிக்கப்பட்டிருக்கும்; யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும், அளவு தாண்டி எல்லாம் நகர்ந்துவிடும். லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் திறந்து, எழுத்துத் தொகுப்பு கேட்கும்போது டாஸ் 437 என்று கொடுங்கள். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போதும் அதே 437. இந்தத் தொகுப்பில் மேல் வரிசையின் 128 இடங்களும் நிரம்பியிருப்பதால் எந்த பைட்டும் தொலையாது. 1252 கொடுத்தால் காலியான 5 இடங்களில் சிக்கல் வரலாம்.

பிறகு விண்டோஸின் பவர்ஷெல் 5.1-ல், டாட்நெட்டின் கெட்என்கோடிங்குக்கு 57004 என்ற எண்ணைக் கொடுத்து அந்த சிஎஸ்வி-யைப் படித்து, யுடிஎஃப்-8-ல் எழுதுங்கள். தமிழ் ஐஎஸ்சிஐஐ-க்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண் அது. 57002 கொடுத்தால் தேவநாகரி வரும். யூனிகோடின் இந்திய எழுத்து வரிசைகள் ஐஎஸ்சிஐஐ-யை அடியொற்றியவை என்பதால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இடம் மாறாது. மாற்றிய பட்டியலில் ஒகரம், ஓகாரம் வரும் பெயர்களை முதலில் சரிபாருங்கள். பழைய பதிவேட்டுடன் ஒப்பிட்டு முடியும்வரை மூல டிபிஎஃப்-ஐ அழிக்காதீர்கள்.