நாலாம் ஈத்திலேயே தளர்ந்த மாடு: தீனியைக் குறைக்கலாமா?

கேள்வி: பெங்களூர் ஆனேக்கல் பக்கம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு வைத்திருக்கிறேன். 15 லிட்டர் கறக்கிறது. தினம் 8 கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிட்டுக் கலவை), 20 கிலோ பீர் கழிவு (பீர் ஆலையில் மிஞ்சும் ஈரத் தானியச் சக்கை), கொஞ்சம் ராகித்தாள், பசும்புல் போடுகிறேன். ஏழு வயதிலேயே குளம்பு நீண்டு, நொண்டி, கிழடு தட்டிவிட்டது. தீனியைக் குறைத்தால் எலிக்கு ஆயுள் கூடுமாமே, மாட்டுக்கும் குறைக்கலாமா?

பதில்: கறவையில் வேண்டாம். எலிக்கு அது உண்மைதான். லாப்ரடார் நாய்களில்கூட கால் பங்கு குறைத்துத் தின்றவை சராசரியாக 13 வயதை எட்டின, மற்றவை 11 சொச்சம். ஆனால் அவை தினம் 15 லிட்டர் கறந்தவை அல்ல. கறவை மாட்டுக்குத் தீனியைக் குறைத்தால் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் தரும்; கொழுப்பு அதிகம் கரைவதால் ரத்தத்தில் கீட்டோன் பெருகும் கீட்டோசிஸ் நோய் வரும், சினை தள்ளிப்போகும்.

உங்கள் மாட்டைத் தளர்த்தியது தீனியின் சேர்மானம். 20 கிலோ பீர் கழிவில் உலர்பொருள் மட்டுமே நாலு கிலோவுக்கு மேல். அதில் நார் உண்டு, ஆனால் பொடி நார், அசைபோட வைக்காது. அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும், முதல் வயிறு புளிக்கும். அந்தப் புளிப்பு குளம்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து நொண்ட வைக்கும். நொண்டும் மாடு தொட்டிக்கு வராது, இளைக்கும், பருவம் தவறும். கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போகும். இருபது வயதுவரை வாழக்கூடிய ஜீவன் இது.

இரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்: பீர் கழிவு 10 கிலோ (இரண்டு நாளுக்கு மேல் வைத்துப் பூஞ்சை பிடித்ததைப் போடாதீர்கள்), அடர்தீவனம் 6 கிலோ மூன்று வேளையாக, பசும்புல் 20 கிலோ, ராகித்தாள் 5 கிலோ. தாளை இரண்டு அங்குலமாக வெட்டினால் போதும், பொடியாக்கக் கூடாது. உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் ராகித்தாள் நெல் வைக்கோலைவிட எவ்வளவோ மேல். எப்போதும் தாள் முதலில், அடர்தீவனம் பிறகு. பீர் கழிவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தாது உப்புக் கலவை 50 கிராம் தவறக் கூடாது. முதல் இரண்டு வாரம் சமையல் சோடா 100 கிராமை இரு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்கலாம்.

தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுத்திருக்கும் மாடு ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள். ஐம்பதைத் தாண்டினால் சரி. நாற்பதுக்குக் கீழே என்றால் இன்னும் தாள் கூட்டுங்கள். சாணத்தில் நுரையோ முழுத் தானியமோ தெரிந்தாலும் அப்படியே.

கை இறுக்க வேண்டியது கிடேரியிடமும் பால் வற்றிய மாட்டிடமும். கிடேரி பருவத்துக்கு முன் கொழுத்தால் மடியில் கொழுப்பு அடைக்கும். தினம் 500-600 கிராம் எடை ஏறினால் போதும். வற்றிய மாடு கொழுத்தால் ஈன்றதும் தீனி எடுக்காது.

கால்நடை மருத்துவரை வைத்துக் குளம்பைச் செதுக்குங்கள். குளம்பு மாதம் அரை சென்டிமீட்டர்தான் வளரும். பழையது முழுதாகத் தேய்ந்து போக ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை சிமென்ட் தரையில் ரப்பர் மெத்தை விரித்து வையுங்கள்.