படைகள் இணையும்போது யாரைக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் எட்டுக் காவல் படைகளை ஒன்றாக்கிய இணைப்பைப் பற்றி எழுதும்போது ‘மக்களை முதலில் கேட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டுக்கு எட்டுப் படைகள், எட்டுத் தலைமை அதிகாரிகள் எதற்கு? இது நிர்வாக விஷயம். ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘எங்கள் ஸ்டேஷனை மூடாதே’ என்பார்கள். வேறென்ன சொல்லப்போகிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டுப் படைகள் தேவையில்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அவை ஒரே அளவில்கூட இல்லை. நாட்டின் காவலர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஸ்ட்ராத்க்ளைட் படை ஒன்றிலேயே இருந்தார்கள். டம்ஃப்ரீஸ்-கேலோவே படையில் சில நூறு பேர்தான்.

அந்தச் சின்னப் படையின் எல்லைக்குள்தான் 1988 டிசம்பர் 21 அன்று லாக்கர்பி ஊரின் மீது பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறி விழுந்தது. 270 பேர் இறந்தார்கள், அதில் 11 பேர் ஊர்க்காரர்கள். பிரிட்டனின் மிகச் சிறிய படைகளில் ஒன்றின் கையில் நாட்டின் மிகப் பெரிய கொலை வழக்கு வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் படைகளிலிருந்து ஆட்கள் வந்துதான் சமாளிக்க முடிந்தது. இணைப்புக்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே லாக்கர்பியில், இறந்தவர்களின் துணிகளை ஊர்ப் பெண்கள் துவைத்து, மடித்து, குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணைக்கு வந்த போலீசுக்கும் அந்த ஊருக்கும் நடுவே நம்பிக்கை இல்லாமல் இது நடந்திருக்காது. இணைக்கும்போது கை தவறக்கூடியது இந்த நம்பிக்கைதான், பட்ஜெட் தாளில் இதற்கு இடம் கிடையாது.

2013 ஏப்ரல் 1 அன்று எட்டும் ஒன்றாகி ‘போலீஸ் ஸ்காட்லாந்து’ வந்தது. 32 உள்ளாட்சி மன்றப் பகுதிகளுக்கும் தனித்தனிக் காவல் திட்டம் வேண்டும், அதை மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய முடிவுகள் அந்தத் திட்டங்களுக்கு வெளியே, தலைமையகத்தில் எடுக்கப்பட்டன. ஆயுதப் பயிற்சி பெற்ற காவலர்கள் சாதாரண ரோந்துக்கும் இடுப்பில் துப்பாக்கியோடு போகலாம் என்ற நடைமுறை, சில படைகளில் முன்பே இருந்ததுதான், இணைப்போடு நாடு முழுக்க வந்தது. குற்றம் மிகக் குறைவான ஹைலேண்ட் பகுதியில் மக்கள் திகைத்துப்போனார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, 2014 அக்டோபரில் அந்த நடைமுறையைச் சுருக்கினார்கள். முன்பே அங்குள்ள இன்வெர்னஸ் ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒன்றரை வருடக் கசப்பு மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் கட்டுப்பாட்டு அறைகள். ஸ்டெர்லிங்கில் இருந்ததை மூடி, வேலையை எடின்பரோவுக்குப் பக்கத்திலுள்ள பில்ஸ்டன் க்ளென்னுக்குக் கொண்டுபோனார்கள். 2015 ஜூலையில் எம்9 நெடுஞ்சாலைக்கு அருகே, ஸ்டெர்லிங் பக்கம், ஒரு கார் சரிவில் கிடப்பதாக ஒருவர் போன் செய்தார். அந்தத் தகவல் கணினியில் ஏறவில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது காரில் இருந்த இருவரில் ஒருவர் இறந்திருந்தார். உயிரோடிருந்த பெண் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். 2021இல் காவல்துறை குற்றத்தை ஒப்புக்கொண்டது, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். இணைப்பினால்தான் அந்தப் பெண் இறந்தார் என்று நான் எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். ஒரு தகவல் விடுபட்டால் அதைப் பிடித்துக் காட்ட வழி இல்லாததுதான் நேரடிக் காரணம். ஆனால் ஒரு அறையை மூடுமுன், அங்கே வருடக்கணக்கில் போன் எடுத்தவர்களிடம் ‘உங்கள் வேலையில் எது எங்கே நழுவும்?’ என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். கருத்துக் கேட்பு என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். இரண்டு பேர் மூன்று நாள் அந்தச் சரிவில் கிடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேறு கதை. 2005இல் உள்துறை அமைச்சர் சார்ல்ஸ் கிளார்க் அங்குள்ள 43 காவல் படைகளை இணைத்துக் குறைக்கக் கிளம்பினார். படைகளுக்குச் சில மாதங்களே அவகாசம். வேல்ஸில் நான்கு படைகளும் ஒன்றாவதற்குக் கடும் எதிர்ப்பு. இங்கிலாந்தின் லங்காஷயர், கம்ப்ரியா படைகள் மனமுவந்து சேர முன்வந்தும், இரு பகுதி மக்களும் காவல்துறைக்குக் கட்டும் உள்ளூர் வரியின் வித்தியாசத்தில் அந்த இணைப்பு சிக்கி நின்றது. 2006இல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். அவசரப்படுத்தியதால் நியாயமான இணைப்பும் சேர்ந்து செத்தது என்பது என் கருத்து.

சரி, ‘ஸ்டேஷனை மூடாதே’ என்பார்கள் என்கிறீர்கள். சொல்லட்டும். ‘இணைக்கலாமா, வேண்டாமா’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ‘ராத்திரி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? வந்து சேர எவ்வளவு நேரமாகிறது? எந்தக் காவலரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷனை மூடாதே என்பவர் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு காவலரைப் பற்றித்தான் பேசுகிறார். அந்தக் காவலரை அதே ஊரில் விட்டுவிட்டு மேலே எட்டை ஒன்றாக்கினால் அவர் எதிர்க்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்